மிச்சம் 0.4 சதவீதம்

முன்குறிப்பு: இது மருத்துவக் குறிப்பு கிடையாது. நான் பொட்டி தட்டுபவன். காலேஜில் முதல் வருஷம் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி பேப்பரைத் தாண்டியதோடு வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. தப்பு இருந்தால் விஷயம் தெரிந்த மக்கள் பின்னூட்டத்தில் வந்து தாராளமாகக் கும்மலாம்.

போன மாசம் முழுக்க எனக்கு நைட் சப்போர்ட். ராத்திரி ரெண்டரை மணிக்குத்தான் சர்வருக்கு நெஞ்சு வலி வரும், போன் அடிக்கும். அடிக்காத நாளில் "இன்னும் அடிக்கலையே" என்று முழித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஷிஃப்ட் முடிந்து பகல் வேலைக்குத் திரும்பியும் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. பக்கத்து சீட் நண்பன் பாவப்பட்டு ஒரு டப்பாவை என் மேசையில் வைத்தான். "மச்சி, இது தூக்க மாத்திரை இல்லடா. வெறும் அமினோ ஆசிட். பால், முட்டைல இருக்கறதுதான். பயப்படாம போடு." லேபிளில் எல்-டிரிப்டோபேன், 500 மில்லிகிராம் என்று இருந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வாயில் போடுவதற்கு முன்னால் அது என்ன, ஏது, யார் கண்டுபிடித்தது என்று தேடிப் படிக்காமல் போட மாட்டேன். அன்றைக்கு ராத்திரியும் மாத்திரையைப் போடவில்லை, தூங்கவும் இல்லை. விடிய விடிய படித்தேன். படித்ததில் பாதியாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது, அதான் இங்கே.

கதை 1874ல் ஆரம்பிக்கலாம். ஆல்பர்ட் ஆடம்கீவிச் என்று ஒரு போலந்துக்காரர் புரதத்துக்கு ஒரு சோதனை சொன்னார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஏதாவது ஒரு புரதத்தைத் தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலத்தில் போடு. மேலே அடர் கந்தக அமிலத்தை விடு. ஊதா நிறம் வரும். வந்தால் அது புரதம். ஏன் ஊதா வருகிறது? அது யாருக்கும் தெரியாது, வருகிறது, அவ்வளவுதான். நாமெல்லாம் இணையத்திலிருந்து நாலு வரி கோட் எடுத்து ஒட்டிவிட்டு "எப்படி ஓடுதுன்னு தெரியாது, ஆனா ஓடுது" என்று கும்பிட்டுவிட்டுப் போவோமே, அந்த வகை. (இதே ஆடம்கீவிச் பேரில் முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாய் இருக்கிறது, டாக்டர் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் புற்றுநோய்க்கு ஒரு ஒட்டுண்ணிதான் காரணம், மருந்து என்னிடம் இருக்கிறது என்று கிளம்பிப் பேரை ரிப்பேர் ஆக்கிக்கொண்டார். அது தனிக் கதை.)

இந்தச் சோதனையை கால் நூற்றாண்டு காலம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1898ல் கேம்பிரிட்ஜுக்கு ஃப்ரெட்ரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்று ஒருவர் பாடம் எடுக்க வருகிறார். அப்போது அவருக்கு வயசு 37. நேராக ஆராய்ச்சிக்கு வந்த ஆள் இல்லை. 17 வயசில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தள்ளிவிட்டார்கள், அங்கே ஒரு ஆறு மாசம். அப்புறம் பகுப்பாய்வுக்கூடத்தில் எடுபிடி. அதற்கப்புறம் லண்டனில் தாமஸ் ஸ்டீவன்சனிடம் உதவியாளர். இந்த ஸ்டீவன்சன் யார் என்றால், இங்கிலாந்தில் விஷம் வைத்துக் கொன்ற வழக்கு எது வந்தாலும் குடலையும் ஈரலையும் சோதித்து சாட்சி சொல்லும் நிபுணர். அதாவது நம்ம ஹாப்கின்ஸ், ஒரு பொருளுக்குள் இருக்கக்கூடாத சின்னஞ்சிறு அளவு இன்னொன்று இருக்கிறதா என்று தேடித்தேடியே கண் பழகியவர். அடுத்து நடந்ததற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செய்முறை வகுப்பு. ஆடம்கீவிச் சோதனை. எல்லாருக்கும் ஊதா வருகிறது, ஜான் மெல்லன்பி என்ற மாணவருக்கு மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண வாத்தியார் என்ன சொல்லியிருப்பார்? நம்ம லேப்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். "டெஸ்ட் ட்யூப்ப ஒழுங்கா கழுவுனியா? பக்கத்துப் பையன்கிட்ட ரீடிங் வாங்கி எழுதிக்கோ." ஹாப்கின்ஸ் பையனை விட்டுவிட்டு பாட்டிலைப் பிடித்தார். அசிட்டிக் அமிலம் ஒரு பாட்டிலில் வேலை செய்கிறது, இன்னொன்றில் செய்யவில்லை. நன்றாகச் சுத்தம் செய்த அமிலத்தை எடுத்துப் பார்த்தால் சோதனை சுத்தமாகப் படுத்துவிடுகிறது. அதாவது, 25 வருஷமாக ஊதா நிறத்தைக் கொடுத்தது அசிட்டிக் அமிலமே இல்லை! அதற்குள் கொஞ்சூண்டு கலந்திருந்த ஒரு அழுக்கு. வெளிச்சம் பட்டுக் கிடந்த அசிட்டிக் அமிலத்தில் கிளையாக்ஸிலிக் அமிலம் என்ற ஒன்று துளி அளவு உண்டாகிறது. அதுதான் ஆள். 1901ல் ஹாப்கின்ஸும் சிட்னி கோல் என்பவரும் சேர்ந்து இதை எழுதினார்கள். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இதற்கு ஹாப்கின்ஸ்-கோல் சோதனை என்றுதான் பேர்.

கொஞ்சம் சொந்தக் கதை. என் முதல் கம்பெனியில் (பேர் வேண்டாம்) ஓய்வூதியக் கணக்கு சம்பந்தப்பட்ட ஒரு மென்பொருள். புதுசாகச் சேர்ந்த டெஸ்டர் பெண் ஒருத்தி, ஒரு கேஸ் தன்னுடைய மெஷினில் மட்டும் ஃபெயில் ஆகிறது என்று டிக்கெட் போட்டாள். நான் என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், ஜம்மென்று ஓடியது. "இங்கே நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதி மூடிவிட்டேன். அவள் மறுபடி திறந்தாள். நான் மறுபடி மூடினேன், இந்தத் தடவை கொஞ்சம் நக்கலாக ஒரு வரி சேர்த்து. மூணு வாரம் கழித்து மாசக் கடைசியில் அது நிஜத்திலேயே வெடித்தது. அவள் மெஷினில் தேதி எழுதும் முறை வேறு மாதிரி அமைந்திருந்தது, வாடிக்கையாளரின் ஒரு கிளையிலும் அதே மாதிரி. ஏதோ ஒரு ஊரில் சில நூறு பெரியவர்களுக்கு அந்த மாசப் பணம் ஒன்பது நாள் தள்ளிப் போனது. டேமேஜர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். ஹாப்கின்ஸ் கதையை ராத்திரி மூணு மணிக்குப் படித்தபோது முதலில் ஞாபகம் வந்தது அவள் முகம்தான்.

(மெல்லன்பி அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். அவர் தம்பி எட்வர்டும் ஹாப்கின்ஸிடம் படித்தவர்தான், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர்.)

சரி, மேட்டருக்கு வருவோம். அழுக்கு எது என்று தெரிந்துவிட்டது. இப்போது கேள்வி திரும்புகிறது. புரதத்துக்குள் எது அந்த அழுக்கோடு சேர்ந்து ஊதாவாகிறது? ஏனென்றால் எல்லாப் புரதமும் ஊதா கொடுப்பதில்லை. ஜெலட்டின் கொடுக்காது. ஆக, சில புரதங்களில் இருக்கும், சிலதில் இல்லாத ஏதோ ஒரு துண்டு. ஹாப்கின்ஸும் கோலும் பாலிலிருந்து எடுத்த கேசீனை, கணையத்துச் செரிமானப் பொருளான டிரிப்ஸினில் ஊறவைத்துச் செரிக்க விட்டார்கள். அந்தக் குழம்பில் கந்தக அமிலத்தில் கரைத்த மெர்க்குரி சல்பேட்டை ஊற்ற, வேண்டிய சரக்கு மட்டும் வீழ்படிவாக அடியில் இறங்கியது. பிரித்துச் சுத்தம் செய்தால் படிகம்! பேர்கூடத் தயாராக இருந்தது. 1890ல் நொய்மைஸ்டர் என்ற ஜெர்மன்காரர், டிரிப்ஸின் செரிக்கும்போது தோன்றும் ஏதோ ஒன்று இருக்கிறது, புரோமின் விட்டால் நிறம் மாறுகிறது என்று பார்த்து, ஆளைப் பார்க்காமலே டிரிப்டோபேன் என்று பேர் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினோரு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தது.

இந்த டிரிப்டோபேனுக்கு பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தால் இண்டோல் வருகிறது என்று 1903ல் அவர்களே காட்டினார்கள். உள்ளே இண்டோல் இருப்பது தெரிந்தது. 1907ல் எல்லிங்கரும் ஃப்ளாமாண்டும் ஆய்வகத்தில் டிரிப்டோபேனைக் கட்டிக் காட்டி முழு வடிவத்தை உறுதி செய்தார்கள்.

இண்டோல் என்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஆறு மூலை வளையம் ஒன்று, ஐந்து மூலை வளையம் ஒன்று, ரெண்டும் ஒரு பக்கச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். ஐந்து மூலை வீட்டில் ஒரு மூலையில் நைட்ரஜன். அவ்வளவுதான். இதைக் கண்டெடுத்தவர் அடால்ஃப் ஃபான் பேயர், 1866ல், பெர்லினில். அவர் துரத்திக்கொண்டிருந்தது அவுரியை. ஆமாம், நம்ம அவுரிதான். திண்டிவனம் பக்கம் இன்னமும் வயலில் நிற்கிறதே, அந்தச் செடியின் நீலம். இண்டிகோவின் முன்பாதியையும், ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலத்தின் முன்னெழுத்துகளையும் ஒட்டி 'இண்டோல்'. பேயர் 1883ல் இண்டிகோவின் வடிவத்தையே சொல்லிவிட்டார், 1905ல் நோபல் வாங்கினார்.

இண்டிகோவைச் செயற்கையாகச் செய்யலாம் என்பது தெரிந்தும் லாபமாகச் செய்ய முடியாமல் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி முட்டிக்கொண்டிருந்தது. அங்கே யூஜின் சாப்பர் என்பவர் நாப்தலினையும் கந்தக அமிலத்தையும் சூடாக்கிக்கொண்டிருந்தபோது வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே கொட்டிவிட்டது. வினை பறந்தது! பாதரசம் மெர்க்குரி சல்பேட்டாக மாறி ஊக்கியாக வேலை செய்திருக்கிறது. இங்கேயும் ஒரு அழுக்கு. 1897ல் செயற்கை நீலம் கடைக்கு வந்தது, இந்தியாவின் அவுரி ஏற்றுமதி சரிந்தது. சாயத்துக்கு விலை போகாமல் தோட்டத்துரைமார்கள் அந்த நஷ்டத்தைக் குடியானவர் தலையில் கட்டப் பார்த்ததும், 1917ல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் நமக்குத் தெரிந்த வரலாறு. பள்ளிக்கூடத்தில் சம்பாரணைப் பாடமாகப் படித்தபோது உடைந்த தெர்மாமீட்டரைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. இண்டோல் மல்லிகை மணத்தில் இருக்கிறது. மனுஷ மலத்திலும் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, ஒரே பொருள்தான். துளி இருந்தால் பூ வாசம், குவிந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பஸ்ஸில் முந்தின நாள் மல்லிகை வைத்துக்கொண்டு வரும் அம்மணிகள் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் பெரியம்மா பெண் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிறாள். சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன்.

"அக்கா, இண்டோல்னா உனக்குத் தெரியுமா?"

"தினம் அதோடதான்டா குடித்தனம். ஈ.கோலையான்னு பாக்க அதுதான மொத டெஸ்ட். ரீஏஜென்ட் நாலு சொட்டு விட்டா மேல செர்ரி கலர்ல வளையம் நிக்கும். ஏன், வயிறு சரியில்லையா?"

"அந்த ரீஏஜென்ட்ல என்னக்கா இருக்கு?"

"ஒரு ஆல்டிஹைடு. நீ ஏன்டா இதெல்லாம் கேக்கற? வேலை போயிடுச்சா?"

வேலை போகவில்லை என்று சத்தியம் செய்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அவள் சொன்ன 'ஆல்டிஹைடு' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அக்காவின் லேபில் சிவப்பு வளையம் வருவது ஒரு ஆல்டிஹைடு ரெண்டு இண்டோல் கையையும் பிடித்துக்கொள்வதால். ஹாப்கின்ஸின் பாட்டிலில் ஊதா வந்ததும் அப்படியே: கிளையாக்ஸிலிக் அமிலத்தின் ஆல்டிஹைடு முனை, ரெண்டு டிரிப்டோபேனை இடமும் வலமுமாகச் சேர்த்துக்கொள்கிறது. நடுவில் ஒரு தரகர், ரெண்டு பக்கமும் பார்ட்டி. இந்தப் படம் கடைசியில் திரும்ப வரும்.

1906ல் ஹாப்கின்ஸ், எடித் வில்காக் என்ற பெண்மணியோடு சேர்ந்து எலிகளுக்கு மக்காச்சோளத்தின் புரதமான ஸீனை மட்டும் புரதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஸீனில் டிரிப்டோபேன் கிடையாது. எலிகள் சுருண்டு செத்தன. அதே சாப்பாட்டோடு டிரிப்டோபேன் கொஞ்சம் சேர்த்ததும் கூடுதல் நாள் பிழைத்தன, சுறுசுறுப்பாகவும் இருந்தன, எடை மட்டும் ஏறவில்லை. (லைசினும் ஸீனில் இல்லை, அது அப்புறம் தெரிந்தது.) புரதம் என்றால் புரதம்தான், எதைத் தின்றாலென்ன என்றிருந்த எண்ணத்துக்கு அங்கே விழுந்தது அடி. சிலதை உடம்பு செய்துகொள்ளும், சிலதைத் தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

எலிக்கு நடந்ததை மனுஷர்கள் அதே காலத்தில் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளுக்கு மூணு வேளையும் மக்காச்சோளம்தான். பெல்லக்ரா என்ற நோய் பரவியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி உரியும், வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றே எல்லாரும் நம்பினார்கள். 1914ல் அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. அவர் பார்த்தது ஒன்றுதான்: அநாதை விடுதிகளிலும் மனநலக் காப்பகங்களிலும் உள்ளே இருப்பவர்களுக்கு வருகிறது, பார்த்துக்கொள்ளும் நர்ஸுகளுக்கு வருவதில்லை. தொற்று என்றால் அது ஆள் பார்த்தா ஒட்டும்? 1915ல் மிசிசிப்பி சிறைப்பண்ணை ஒன்றில், விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியில் கைதிகள் மக்காச்சோளச் சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். சில மாசத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக அவரும் நண்பர்களும், அவர் மனைவியும், நோயாளியின் ரத்தத்தை ஊசி போட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் வாயில் போட்டுக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன், சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

1937ல் எல்வெஹ்யெம் என்பவர், தேவைப்படுவது நியாசின் என்று கண்டுபிடித்தார். ஆனால் ஒரு புதிர் மிச்சம். பாலில் நியாசின் குறைவு, ஆனாலும் பால் குடித்தால் பெல்லக்ரா போகிறது. எப்படி? 1945ல் அதே எல்வெஹ்யெமின் ஆய்வகத்தில் விடை வந்தது: டிரிப்டோபேன் கொடுத்தால் போதும், நியாசின் இல்லாத குறை தீர்ந்துவிடுகிறது. நம் உடம்பு ஏறக்குறைய 60 மில்லிகிராம் டிரிப்டோபேனிலிருந்து 1 மில்லிகிராம் நியாசினைத் தானே செய்துகொள்ளும். அந்தக் கட்டுரையில் கிரெல், டெப்லி, எல்வெஹ்யெம் பேர்களுக்கு நடுவே பி.எஸ்.சர்மா என்று ஒரு பேர். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர்தான் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருந்துகொண்டு, நம்ம அரிசி மூட்டையில் கூடு கட்டுமே அந்த அந்துப்பூச்சியின் புழுவை வைத்து டிரிப்டோபேன், நியாசின் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். அமெரிக்காவில் எலி, மெட்ராஸில் அரிசிப்புழு.

ஆனால் ஹைதராபாத் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். தக்காணத்தில் சோளம் சாப்பிடும் ஏழை விவசாயக் கூலிகளுக்கு பெல்லக்ரா வந்துகொண்டிருந்தது. சோளத்தில் மக்காச்சோளம் அளவுக்கு டிரிப்டோபேன் பஞ்சம் கிடையாது. அப்படியும் ஏன்? சேலத்தில் பிறந்த சி.கோபாலனும் எஸ்.ஜி.ஸ்ரீகண்டையாவும் 1960ல் லான்செட் இதழில் ஒரு விடை சொன்னார்கள்: சோளத்தில் லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அளவுக்கு மீறி இருக்கிறது, அது டிரிப்டோபேன் கணக்கைக் குழப்புகிறது. இல்லாததால் மட்டுமில்லை, பக்கத்தில் ஒன்று கூடுதலாக இருப்பதாலும் வியாதி வரும் என்று. இந்த விடையைப் பற்றி அப்புறம் நிறைய சண்டை நடந்தது, வெளிநாட்டில் எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வியே பிடித்திருந்தது.

இப்போது என் மேசை டப்பாவுக்கு வருகிறேன். டிரிப்டோபேனிலிருந்துதான் உடம்பு செரடோனினைச் செய்கிறது (1948ல் பிரித்தெடுத்தார்கள்), அதிலிருந்து மெலடோனினை (1958). தூக்கத்தோடு ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு. உடனே என்ன நடக்கும்? 1980களில் அமெரிக்காவில் டிரிப்டோபேன் மாத்திரை கடைக்குக் கடை கிடைத்தது. தூக்கம் வராதவர்கள், மாதவிடாய்த் தொந்தரவு உள்ளவர்கள், மனசு சரியில்லாதவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். மருந்துச்சீட்டு வேண்டாம். வெறும் அமினோ ஆசிட்தானே, பால் முட்டையில் இருப்பதுதானே. என் நண்பன் சொன்ன அதே வசனம்.

1989 அக்டோபரில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மூணு பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், தாங்க முடியாத தசை வலியோடு டாக்டர்களிடம் வந்தார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. மூணு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: டிரிப்டோபேன் மாத்திரை. அல்புகர்க் நகரப் பத்திரிகையில் டாமர் ஸ்டீபர் என்ற நிருபர் இதை எழுத (இதற்காக அவருக்கு 1990ல் புலிட்சர் கிடைத்தது), நாடு முழுக்க ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினார்கள். நவம்பரில் அரசாங்கம் மாத்திரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அதற்குள் 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 37 பேராவது இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குத் தோல் தடித்து இறுகி, நரம்பு செத்து, வருஷக்கணக்கில் வலி.

டிரிப்டோபேனே விஷமா? இல்லை, பல வருஷமாகப் பலர் சாப்பிட்டதுதான். ஒரிகன், மின்னசோட்டா மாநிலங்களில் டப்பாவின் பேட்ச் எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். நம்ம லாக் ஃபைல் தோண்டுகிற மாதிரியே. டப்பா, கடை, மாத்திரை அடித்த கம்பெனி, மொத்த வியாபாரி, இறக்குமதியாளர்... அத்தனை பிராண்டும் கடைசியில் போய் நின்றது ஒரே இடத்தில்: ஜப்பானின் ஷோவா டென்கோ. வேறு ஜப்பானியக் கம்பெனிகளும் டிரிப்டோபேன் செய்தன, நோய் ஒட்டியது இவர்கள் சரக்கோடு.

அந்தச் சரக்கு எவ்வளவு சுத்தம் தெரியுமா? 99.6 சதவீதம். மருந்துத் தரத்துக்கு அதுவே போதும். பிரச்சினை மிச்சம் 0.4ல் இருந்தது.

அங்கே என்ன நடந்தது என்றால், 1988 டிசம்பரில் டிரிப்டோபேனைக் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய புது பாக்டீரியா வகையை இறக்கினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில், சுத்தம் செய்யப் போடும் கரித்தூளை ஒரு ஈட்டுக்கு 20 கிலோவுக்கு மேல் இருந்ததை 10 கிலோவாகக் குறைத்தார்கள். சில ஈடுகளில் வடிகட்டும் சவ்வு வழியாக அனுப்புவதையும் பாதி தாண்டினார்கள். இதைப் படித்ததும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரே ரிலீஸில் மூணு மாற்றம்! எது உடைத்தது என்று எப்படிப் பிரிப்பது? மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பாக்டீரியாவைக் காட்டுகிறார்கள், ஆதரிப்பவர்கள் கரித்தூளைக் காட்டுகிறார்கள். ரெண்டு பக்கமும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள். தனித்தனியாக மாற்றியிருந்தால் ஒருவேளை விடை கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது கரித்தூள் மேல்தான். புது விஷயத்தைக் கொண்டுவரும்போது சோதனையைக் கூட்ட வேண்டும், இவர்கள் துடைப்பதைப் பாதியாக்கினார்கள்.

நோய் வந்தவர்களின் பேட்ச்களைப் பகுத்துப் பார்த்தபோது வரைபடத்தில் ஒரு சின்ன மேடு நோயோடு கூடவே வந்தது. 'பீக் ஈ' என்று பேர் வைத்தார்கள். 1990ல் அதன் வடிவம் தெரிந்தது. ரெண்டு டிரிப்டோபேன், நடுவில் அவற்றின் இண்டோல் நைட்ரஜன்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு அசிட்டால்டிஹைடின் மிச்சம்.

அதே தரகர். ஹாப்கின்ஸின் பாட்டிலில் ஊதாவைக் கொடுத்த அதே உறவு முறை, வேறு மூலையில் பிடித்தபடி. டிரிப்டோபேனைக் கண்டுபிடிக்க வைத்ததும் ஒரு துளி ஆல்டிஹைடு அழுக்கு, அதன் மேல் சந்தேகம் வர வைத்ததும் ஒரு துளி ஆல்டிஹைடு வேலை. விடியற்காலை அஞ்சு மணி இருக்கும், எனக்கு நிஜமாகவே முதுகில் சில்லென்றது. (ஷோவா டென்கோவுக்கு அசிட்டால்டிஹைடு புதுசு இல்லை. 1965ல் நீகாட்டாவில் தெரியவந்த பாதரச நோய், அவர்களுடைய அசிட்டால்டிஹைடு ஆலையின் கழிவால் வந்ததுதான்.)

பீக் ஈதான் கொன்றது என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. இன்னொரு மேடும் சந்தேகப் பட்டியலில் உண்டு, ஃபினைல்அமினோ அலனின். 1981ல் ஸ்பெயினில் அனிலின் கலந்த எண்ணெயைச் சமையலுக்கு விற்று ஆயிரக்கணக்கானோர் படுத்தார்களே, அந்த எண்ணெயில் கிடைத்த பொருளுக்கு இது நெருங்கிய சொந்தம். நோயும் ரொம்பவே ஒத்துப் போகிறது. அனிலின் என்ற பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதை முதலில் எடுத்தது இண்டிகோவிலிருந்து. அரபியில் அன்-நீல். அதற்கு மூலம் நம்ம நீலம். சுற்றிச் சுற்றி அவுரித் தோட்டத்துக்கே வந்துவிட்டது.

டிரிப்டோபேன் மீதான கட்டுப்பாடுகள் பிறகு தளர்ந்துவிட்டன, அதனால்தான் டப்பா என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் நண்பனைத் திட்டவில்லை, அவன் நல்ல மனசில் கொடுத்தான், அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த டெஸ்டர் பெண்ணுக்கு மட்டும் அஞ்சு வருஷம் கழித்து ஒரு மெயில் அனுப்பினேன். ரெண்டே வரி. "அது கோலார் கிளை, தேதி ஃபார்மட். ஞாபகம் இருக்கு. பரவாயில்ல விடுங்க" என்று பதில் வந்தது.

டப்பாவில் இருந்த முகவரிக்கும் ஒரு மெயில் போட்டேன். பகுப்பாய்வுச் சான்றிதழ் கிடைக்குமா என்று. மூணாவது நாள் ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: எங்கள் தயாரிப்பு 99 சதவீதம் தூய்மையானது, நன்றி. மிச்சம் ஒரு சதவீதம் என்ன சார் என்று திரும்பக் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் இல்லை. டப்பா சீல் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.